ஐஸ்ஹவுஸும் சகோதரி சுப்பலட்சுமியும்

மெரினா பக்கம் போகிற நம்ம ஆட்கள் எல்லோருக்கும் ஐஸ்ஹவுஸ் தெரியும். இஞ்சினீயர் புத்தி, முதலில் கட்டிடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1842-ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து டியூடர் கம்பெனி கப்பலில் அனுப்பிய ஐஸ் பாளங்களைச் சேமித்த கிடங்கு. இங்கேயே ஐஸ் தயாரிக்க மெஷின் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, காற்று வர ஜன்னல்கள் வைத்து, மாளிகையாக்கினார். 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் பெயர் பெற்றது. ஆனால் பின்னாளில் அங்கே பால்ய விதவைகள் தங்கிப் படித்த கதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதை நடத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம். கொஞ்ச நாளில் கணவர் போய்விட்டார். அந்தக் காலத்தில் அப்புறம் என்ன? தலையை மழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அப்பா சுப்பிரமணிய ஐயர் அதற்குச் சம்மதிக்கவில்லை. தானே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர் வாயை மூட முடியுமா? மகள் 1911-ல் பிரசிடென்சி காலேஜில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்திலேயே பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை அவர்தான்.

1912-ல் எழும்பூரில் நாலு பிள்ளைகளோடு வீட்டிலேயே விடுதி ஆரம்பம். தானும் சிறு வயதில் விதவையான சித்தி கூடவே இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் சேரச் சேர இடம் போதவில்லை. விதவைகள் கூட்டமாகக் குடியிருக்க யார் வீடு தருவார்கள்? கல்வித்துறையில் இருந்த மிஸ் லிஞ்ச் துணை நின்றார். அரசு 1917-ல் ஐஸ்ஹவுஸைக் கையகப்படுத்தியது. விடுதிக்கு அந்தப் பெரிய வீடு கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அந்த விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டும். ஆசாரம் குறையாமல் நடத்தினால்தான் பெற்றவர்கள் நம்பி அனுப்புவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. அது பலித்தது. ஆனால் அதே கஷ்டத்தில் இருந்த மற்றப் பெண்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லையே!

1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு முதல் பிரின்சிபால் ஆனார். வயது கூடிய விதவைகளுக்கு ஐஸ்ஹவுஸில் இடம் இல்லை. அவர்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயா. அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டே, குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்காக ஜோஷி கமிட்டி முன் சாட்சியும் சொன்னார்.

1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று காலமானார்.