ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு கான்ட்ராக்டர்கள்: வால்சந்தின் முதல் கப்பல் ஏன் ஏழு வருஷம் காத்திருந்தது?

போடிநாயக்கனூர் ஏலக்காய் விவசாயிகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரத் தேவையில்லை. மலையில் பறித்த பச்சைக்காய் அன்றைக்கே ஸ்டோருக்குப் போய்ச் சேரணும். கழுவி, சுமார் 50 டிகிரி சூட்டில் உலர்த்தணும். விறகு வரலை, டிரையரில் இடமில்லை என்று காய் சாக்கிலேயே கிடந்தால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏல மையத்தில் விலையும் போய்விடும். பறித்தவர் எவ்வளவு வேகமாகப் பறித்தாலும் பிரயோஜனமில்லை. பொருள் சும்மா கிடக்கிற நேரம்தான் பெரிய நஷ்டம்.

தொழிற்சாலைகளில் இதே கணக்கை வைத்து உருவானதுதான் ‘லீன்’ உற்பத்தி முறை. ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனம் வளர்த்தெடுத்தது. கப்பல் கட்டும் தொழிலில் காத்திருப்பு என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள, இந்தியாவின் முதல் நவீன கப்பல் கட்டும் தளத்தைத் தொடங்கிய வால்சந்த் ஹீராசந்தின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

யார் இந்த வால்சந்த்?

1882 நவம்பர் 23 அன்று சோலாப்பூரில், பஞ்சு வியாபாரமும் வட்டித் தொழிலும் செய்துவந்த குஜராத்தி ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். குடும்பத் தொழிலும் பிடிக்கவில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த லட்சுமண் பாட்டக் என்பவருடன் கூட்டு சேர்ந்து ரயில்வே கான்ட்ராக்டர் ஆனார். பம்பாய் – புனே பாதையில் போர்காட் மலையைக் குடைந்த சுரங்க வேலைகள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

கப்பலுக்கு எப்படி வந்தார்?

தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆங்கிலேயக் கம்பெனியும் அரசும் சேர்ந்து நொறுக்கிய கதை நமக்குத் தெரியும். அது முடிந்து சில வருஷங்களில், 1919-ல், வால்சந்தும் நண்பர்களும் குவாலியர் மகாராஜாவிடமிருந்து ‘லாயல்டி’ என்ற கப்பலை வாங்கி சிந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5-ல் அது பம்பாயிலிருந்து லண்டன் புறப்பட்டது. அந்த நாளைத்தான் இன்றும் தேசிய கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இவர்களுக்கும் கட்டணப் போட்டி வந்தது. 1923-ல் ஒப்பந்தம் போட்டு, கடலோர வணிகத்தோடு நின்றுகொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் கம்பெனி மூழ்கவில்லை. வாங்கிய கப்பலை ஓட்டினால் போதாது, சொந்தமாகக் கட்டணும் என்று வால்சந்த் முடிவு செய்தார். கல்கத்தாவில் இடம் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில் விசாகப்பட்டினத்தில் 1941 ஜூன் 21 அன்று ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார்.

அதே நேரத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது?

ஹென்றி கைசர் என்பவரும் 1882-ல் பிறந்தவர்தான். அவரும் ரோடு, அணை கட்டிய கான்ட்ராக்டர், கப்பல் கட்டிப் பழக்கமில்லாதவர். இரண்டாம் உலகப் போரில் கலிபோர்னியாவிலும் ஓரிகானிலும் தளங்கள் அமைத்தார். கப்பலைத் துண்டு துண்டாகத் தரையில் செய்து, கிரேனால் தூக்கிவைத்து, ஆணி அடிப்பதற்குப் பதிலாக வெல்டிங்கில் ஒட்டினார். 1942 நவம்பரில் ‘ராபர்ட் பியரி’ என்ற சரக்குக் கப்பல், அடித்தளம் வைத்த 4 நாள் 15 மணி நேரத்தில் தண்ணீரில் இறங்கியது. பாகங்கள் முன்கூட்டியே தயாராக இருந்ததால்தான் அது நடந்தது. விளம்பரத்துக்காகச் செய்த சாதனைதான் என்றாலும், பாடம் உண்மையானது. போர் முடிவதற்குள் அவரது தளங்களில் சுமார் 1,490 கப்பல்கள் தயாராயின. கைசரின் தளத்தில் வேலை பார்த்த எல்மர் ஹான், 1950-களில் அந்த முறைகளை ஜப்பானின் குரே துறைமுகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஜப்பானியக் கப்பல் தொழில் உலக முதலிடத்துக்கு ஏறியது.

விசாகப்பட்டினத்தில் என்னாச்சு?

1942 ஏப்ரல் 6-ல் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டன. தள வேலை நின்றது. கைசருக்கு அமெரிக்க அரசே ஆர்டர் கொடுத்தது, தகடும் கொடுத்தது. வால்சந்துக்கோ, கப்பல் கட்டுவதைப் போர்த் தேவையாகவே காலனி அரசு கருதவில்லை. இயந்திரம் இறக்கவும் முன்னுரிமை கிடைக்கவில்லை. ‘ஜல உஷா’ என்ற 8,000 டன் கப்பலை 1948 மார்ச் 14-ல் நேரு கடலில் இறக்கினார். அடிக்கல்லிலிருந்து கிட்டத்தட்ட ஏழு வருஷம்.

அதற்குப் பிறகும் என்ஜின் வெளிநாட்டிலிருந்து வரணும். அது வரும்வரை ஆளும் தளமும் சும்மா இருந்தாலும் சம்பளமும் வட்டியும் நிற்காது. செலவு ஏறியது. 1949-ல் பக்கவாதம் தாக்க, மறு வருஷம் வால்சந்த் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். 1952-ல் அரசு மூன்றில் இரண்டு பங்கை வாங்கியது, பெயர் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு ஆனது. 1953 ஏப்ரல் 8-ல் அவர் காலமானார்.

இதில் நமக்கு என்ன இருக்கு?

விமானத் தொழிற்சாலை, கார் கம்பெனி என்று வால்சந்த் கை வைத்த மற்ற இடங்களிலும் துணிச்சலுக்குக் குறைவில்லை. அவர் தொடங்கிவைத்த பெங்களூரு விமானத் தொழிற்சாலைதான் இன்றைய எச்.ஏ.எல். ‘லீன்’ என்றால் தொழிலாளியை இன்னும் வேகமாக ஓடச் சொல்வது என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் ஆட்கள் மெதுவாக வேலை செய்ததால் ஏழு வருஷம் போகவில்லை. தகடு, என்ஜின், அனுமதி, ஆர்டர் நான்கும் தளத்துக்கு வெளியே, வேறு யாரோ கையில் இருந்தன. அவை நேரத்துக்கு வராத இடத்தில், உள்ளே எவ்வளவு சிக்கனம் பார்த்தாலும் கப்பல் தண்ணீரைத் தொடாது.