டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியச் சாலைப் போக்குவரத்தின் முன்னோடிகளுள் ஒருவர். மதுரையில் டி.வி.எஸ். தொழிற்குழுமத்தைத் தோற்றுவித்தவர். திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். சட்டம் பயின்று, இரயில்வேயிலும் பின்னர் வங்கியிலும் பணியாற்றிய அவர், அப்பணிகளைத் துறந்து 1911 இல் தொழிலில் இறங்கினார்.

பேருந்துத் தொழில்

1912 இல் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். அவருடைய பேருந்துகள் நேரந்தவறாமைக்குப் பெயர் பெற்றவை. மாட்டு லாடங்களிலிருந்து சாலையில் விழும் ஆணிகளைக் காந்தம் பூட்டிய வண்டியைக் கொண்டு அகற்றச் செய்தார் என்றும் கூறப்படுகிறது.

அந்நாளைய மோட்டார் வண்டிகள் பலவற்றில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் செலுத்தத் தனி பம்பு கிடையாது. போர்டு மாடல் டி இதற்கு எடுத்துக்காட்டு. சூடேறிய நீர் தானே மேலெழுந்து ரேடியேட்டரை அடையும். அங்கே காற்றுப்பட்டுக் குளிர்ந்து கீழிறங்கும். நீர்மட்டம் மேற்குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் இச்சுழற்சி நின்று எஞ்சின் கொதித்துவிடும். உப்புநீரை ஊற்றினால் குழாய்களில் படிவு அடைத்துக்கொள்ளும். மதுரை, சிவகங்கை, காரைக்குடிப் பகுதிகளின் கோடையில் வண்டி ஓடுவது பராமரிப்பைப் பொறுத்தே இருந்தது.

கரிவாயுக் கலன்

இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வசமானது. செட்டிநாட்டு நகரத்தாரின் பெருஞ்செல்வம் முடங்கிய அதே நிகழ்வால் பர்மாவின் எண்ணெயும் இந்தியாவுக்குக் கிடைக்காமற் போயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் நிற்கும் நிலை ஏற்பட்டபோது, சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் அடுப்புக்கரியைக் கொண்டு வண்டியை ஓட்டும் கரிவாயுக் கலன்களைத் தயாரித்தது. அவரது தொழில் வாழ்வில் இதுவே தனித்துக் குறிப்பிடத்தக்கது எனலாம்.

கலனுக்குள் குறைந்த காற்றில் கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இவ்வாயு நச்சுத்தன்மை கொண்டது. ஆனால் எஞ்சினில் எரியக்கூடியது. சூடான வாயு விரிந்திருப்பதால் உருளைக்குள் குறைந்த அளவே புகும். எனவே அதனைக் குளிர்வித்து, சாம்பல் நீக்கி வடிகட்டிய பிறகே எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். அப்போதும் பெட்ரோலை விட ஆற்றல் வெகுவாகக் குறையும். மேட்டில் வண்டி மெல்ல ஊர்வதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறையும். புறப்படுவதற்கு முன் கரி நன்கு பற்றும்வரை காத்திருப்பது ஓட்டுநர்களின் அன்றாட வேலையாயிற்று.

இதே காலத்தில், 1943 இல், தேய்ந்த டயர்களுக்குப் புதுமேற்பரப்பு இடும் தொழிலும் தொடங்கப்பட்டது. போரினால் மலாயா ரப்பரும் கிடைக்காமற் போயிருந்தது.

குடும்பமும் மறைவும்

மனைவி இலட்சுமி அம்மாள். இளமையில் கணவரை இழந்து, மருத்துவம் பயின்று, 1940 இல் ஜி. இராமச்சந்திரனை மணந்த சௌந்தரம் இவர்களுடைய மகள். அவ்விருவரும் 1947 இல் காந்திகிராமத்தை நிறுவினர். தொழிற் பொறுப்புகளைத் தம் மைந்தர்களிடம் ஒப்படைத்த சுந்தரம் அய்யங்கார், 1955 இல் கொடைக்கானலில் தமது 78 ஆம் வயதில் காலமானார்.