சீர்காழி தந்த நூலகச் செல்வர்

நம் காலனிக்கு அண்மையிலுள்ள கல்லூரி நூலகத்தில் மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதில் சொற்பொழிவோ இசையரங்கோ நிகழ்ந்து வருவதை அன்பர்கள் அறிவர். நாமும் குடும்பத்துடன் செல்கிறோம், கேட்டு மகிழ்கிறோம், காப்பி அருந்துகிறோம், சுற்றிலும் அடுக்கடுக்காக நிற்கும் நூல்களை ஏறிட்டும் பாராமல் வீடு திரும்புகிறோம். சொற்பொழிவை நூலகத்தில் நடத்துவானேன், சபா மண்டபத்தில் நடத்தலாகாதா என்று அன்பர் ஒருவர் நம்மை வினவினார். நியாயமான வினாவே. அதற்குரிய விடையை, இத்தலைநகரிலேயே ஏழாண்டுகள் வாழ்ந்த ஒரு தமிழரின் வரலாற்றில் தேடலாம் என்று தோன்றியது.

எஸ். ஆர். அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு தஞ்சைச் சீமையில் பிறந்தார். அவர் பெயரின் முதலெழுத்து சீர்காழியைக் குறிப்பது. தந்தையார் இராமாமிருத ஐயர் சிறு நிலக்கிழார். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்து இராமாயணத்துக்குப் பொருள் உரைப்பதில் விருப்பமுடையவர். மகனுக்கு ஆறு வயது நடக்கையிலேயே அவர் காலமானார். நாவன்மை மிக்க தந்தைக்குப் பிறந்த பிள்ளைக்கோ திக்குவாய்! நாலு பேர் முன்னிலையில் ஒரு வாக்கியத்தை முடிப்பதே இளமையில் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பிற்காலத்தில் உலகின் பல நாடுகளில் மேடையேறிப் பேசியவர் இவரே என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது. அக்குறையோடு அவர் நெடுநாள் போராடியே வெல்ல வேண்டியிருந்தது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எட்வர்ட் ராஸ் என்னும் பேராசிரியரிடம் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். 1917இல் மங்களூரில் ஆசிரியப் பணியைத் தொடங்கிப் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். மாணாக்கர்களைத் தாமே நூல்களைப் புரட்டிக் கற்கச் செய்வது அவருடைய வழக்கம். ஆயினும் நூலகராக வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கனவிலும் இருந்ததில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு ஒரு நூலகரைத் தேடியபோது, நண்பர்களின் தூண்டுதலால் விண்ணப்பித்தார். நூலகக் கலையைப் பற்றி அவர் அதுவரை அறிந்திருந்ததெல்லாம், நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரை மட்டுமே. 1924இன் தொடக்கத்தில் அப்பதவி அவருக்குக் கிடைத்தது.

கிடைத்த பதவி கசந்தது. வகுப்பறையின் ஆரவாரத்தில் பழகியவருக்கு, ஆளரவமற்ற நூல்களிடையே தன்னந்தனியாக அமர்ந்திருப்பது சிறைவாசம் போல இருந்தது. சில நாள்களிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் சென்று, தம்மைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு வேண்டினார். முதலில் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வரட்டும், அதன் பின்னும் விருப்பமில்லையாயின் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் கூறி அனுப்பினார்.

அப்பயணமே அவர் வாழ்வைத் திருப்பியது. இலண்டனில் பயின்றதோடு அமையாமல், நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சுற்றிப் பார்த்தார். ஆங்குள்ள நூலகங்கள் நூல்களை அடைத்து வைக்கும் கிடங்குகளாக இல்லை. சிறுவரும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் வந்து கூடும் ஊர்ப் பொதுவிடங்களாக விளங்கின. சென்னையில் தம்மை வாட்டிய தனிமைக்குக் காரணம் நூலகம் அன்று, மக்கள் வாராமையே என்பது அவருக்கு அங்கே விளங்கியிருக்க வேண்டும். கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுக் கருவியின் துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பலவகை உருவங்கள் செய்வதைக் கண்டு, அதிலிருந்தே நூல்களைப் பகுக்கும் புதுமுறை ஒன்றை வகுத்தார். அதுவே 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை. அதன் நுட்பங்களை விரிக்க இம்மலரில் இடமில்லை. நமக்கு அதற்குரிய தகுதியும் இல்லை.

1925இல் திரும்பி வந்தவர், அலமாரிகளைத் திறந்து வைத்தார். வாசகர் தாமே உட்புகுந்து விரும்பிய நூலைக் கையிலெடுத்துப் பார்க்கலாம் என்பது அந்நாளில் பலருக்கு அதிர்ச்சியளித்த செய்தி. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். அவ்வாண்டிலேயே தம் ஐந்து விதிகளுக்கு உருக்கொடுத்தார். அவை 1931இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் மூன்றாவது விதிதான் நம் அன்பரின் வினாவுக்கு விடை கூறுவது. வாசகன் நூலைத் தேடி வருவது ஒருபுறமிருக்க, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகனை நாடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நூலகத்தினுடையது என்பது அதன் கருத்து. வாராதவனை எவ்வாறு வரவழைப்பது? சொற்பொழிவு, கண்காட்சி, கூடிப் படிக்கும் குழு, சிறுவர்க்குக் கதை நேரம், திருவிழா ஆகிய இவையெல்லாம் நூலகத்தின் பணிகளே என்று அவர் கொண்டார். சொற்பொழிவு ஓர் அழைப்பிதழ். விருந்து அலமாரியில் இருக்கிறது. விருந்துண்ணாமல் அழைப்பிதழை மட்டும் வாங்கிச் செல்லும் நம்மை அவர் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

நூலகத்துக்கு வர இயலாதவரிடம் நூலகமே சென்றது. 1931இல் மன்னார்குடியில் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். அம்முயற்சிக்கு அரங்கநாதன் பெருந்துணையாக நின்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே நூலகத்தில் உழைத்தவர், அங்கேயே ஓய்வுபெற எண்ணியிருந்தார். அவ்வாறு நிகழவில்லை. மேலிடத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பினால் 1945இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், தாம் வளர்த்த நூலகத்தை விட்டு வெளியேறினார். அந்நாளில் அவர் மனம் மிகவும் சோர்ந்திருந்தது. ஊரைவிட்டு வேற்றூரில் பிழைக்க வந்த நமக்கு அச்சோர்வு புதிதன்று. காசி இந்துப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே ஏறத்தாழ 1 லட்சம் நூல்கள் முறையாகப் பகுக்கப்படாமல் கிடந்தன. உதவியாளரை எதிர்பாராமல் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு ஆண்டுக்குள் அவற்றைத் தாமே வகைப்படுத்தி முடித்தார்! துயரத்தை அவர் ஆற்றிக்கொண்ட வழி அதுவே போலும்.

1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1954 வரை இங்கு நூலகக் கலையைப் பயிற்றினார். அவர் நெடுங்காலம் வற்புறுத்தி வந்த பொதுநூலகச் சட்டம் 1948இல் சென்னையில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் நூலகச் சட்டம் அது. அப்போது கல்வியமைச்சராயிருந்தவர் அவிநாசிலிங்கம் செட்டியார். வீட்டு வரியோடு சிறுதொகை சேர்த்து வசூலித்து, ஊர்தோறும் நூலகம் நடத்த அச்சட்டம் வழிசெய்தது. அவர் இங்கு வாழ்ந்த நாளிலேயே, 1951இல், யுனெஸ்கோவின் துணையுடன் தில்லிப் பொதுநூலகத்தை நேரு திறந்து வைத்தார். சொற்பொழிவும் நாடகமும் திரைப்படக் காட்சியும் அங்கே நூல்களோடு கைகோத்து நடந்தன.

அவர் பின்னர் பெங்களூரில் தங்கி, 1962இல் அங்கே ஆவணவியல் பயிற்சி நிலையத்தை நிறுவினார். 1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தன. எளிய உடை, எளிய உணவு என்றே வாழ்ந்து சேர்த்த பணத்தில் 1 லட்சம் ரூபாயைத் தம் மனைவியார் சாரதா அம்மையாரின் பெயரையும் இணைத்து ஒரு பேராசிரியர் பதவி அமைப்பதற்காக வழங்கினார். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு? மனங்கசந்து வெளியேறிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு. 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்பெறும் ஆகஸ்ட் 12, இன்று நாடெங்கும் நூலகர் நாளாகும். அன்று மாலை கல்லூரி நூலக நிகழ்ச்சிக்கு நம் சங்கத்துத் தமிழ் நூல்களையும் எடுத்துச் சென்று மேசைமீது பரப்பி வைக்கச் செயற்குழு இசைந்திருக்கிறது. நம் சங்கத்து அலமாரியின் சாவி பல்லாண்டாக ஒருவர் வீட்டிலேயே இருந்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். அலமாரியை ஒருநாள் மட்டுமன்றி என்றைக்குமே பூட்டாமல் வைக்கலாம் என்று நம்மில் சிலர் வற்புறுத்தி வருகிறோம். நூல்கள் தொலைந்துபோகும் என்று அஞ்சுவோர் இன்னும் இசையவில்லை.