மருத்துவர் தொடங்கிய ஓவியப்பள்ளி

மேல்நிலை வகுப்பில் ஓவியத்தையோ வரைகலையையோ நிழற்படக் கலையையோ பாடமாகக் கொள்ள விரும்பும் பிள்ளையிடம், அதனால் பிழைப்பு நடக்குமா என்று வீட்டார் வினவுவது இயல்பு. பாலகாட் போன்ற சுரங்கக் குடியிருப்புகளில் அவ்வினாவிற்கு வலிமை மிகுதி. ஆங்கில நிறுவனங்கள் 1880 முதல் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் அமைத்தபோது, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் பிழைப்பைத் தேடியே அங்குக் குடியேறினர். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், அதே வினாவிற்குச் சென்னையில் விடை காண முயன்றவர் அலெக்சாண்டர் ஹண்டர்.

ஹண்டர் தொழிலால் மருத்துவர். சென்னைப் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். ஆயினும் ஓவியக் கலையையும் முறையாகப் பயின்றிருந்தார். 1850ஆம் ஆண்டில், சென்னை பிராட்வேயில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். படம் வரையக் கற்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக நின்றுவிடாமல், எளியோருக்குக் கைத்தொழிலாகவும் அமைய வேண்டும் என்பது அவர் நோக்கம். மறு ஆண்டே தொழிற்பிரிவு ஒன்றையும் சேர்த்தார். மட்பாண்டம், ஓடு முதலியவை செய்யும் பயிற்சியும் அங்கு நடைபெற்றது. சில ஆண்டுகளில் அரசு அப்பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்றது.

கோடு வரைவதே முதற்பாடம். அதில் கை பழகிய பின்னர் மாணவர்கள் மரச்செதுக்கு ஓவியம் கற்றனர். கடினமான மரக்கட்டையின் முகப்பில், வெண்மையாகத் தோன்ற வேண்டிய இடங்களைச் செதுக்கி நீக்கி, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளில் பதிப்பது அம்முறை. அச்சில் இடம் வலமாக மாறிவிடுமாதலால், உருவத்தைத் தலைகீழாக அன்று, கண்ணாடியில் தெரிவதுபோல் எண்ணிச் செதுக்க வேண்டும். ஒரு கீறல் தவறினும் கட்டை வீணாகும். ஹண்டர் நடத்திய கலை, தொழில் இதழில் மாணவர் செதுக்கிய படங்கள் அச்சேறின.

அக்காலத்தில் நிழற்படக் கலை மிகப் புதியது. 1856இல் சென்னையில் நிழற்படக் கழகம் தோன்றியபோது அதில் முன்னின்றவர்களுள் ஹண்டரும் ஒருவர். தம் பள்ளியிலும் அக்கலையைப் பாடமாக்கினார். அந்நாளில் வழங்கிய முறைகளுள் ஒன்றில், கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் உலர்வதற்குள் படம் பிடித்து, உடனே இருட்டறையில் கழுவி எடுக்க வேண்டும். சென்னை வெயிலில் ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? மருந்துகளின் இயல்பறிந்த மருத்துவர் ஒருவர் தலைமையில் இக்கல்வி அமைந்தது நல்வாய்ப்பே.

அப்பள்ளியில் பயின்ற ஐயாசாமி என்பவர், சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பெற்ற லின்னேயஸ் ட்ரைப் என்னும் படை அதிகாரிக்கு உதவியாளரானார். ட்ரைப் தம் பணியகத்தைப் பெங்களூரில் அமைத்துக்கொண்டு, 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். செலவு மிகுதியெனக் கருதிய அரசு சில ஆண்டுகளிலேயே அப்பணியகத்தை மூடிவிட்டது. ஹண்டரின் பள்ளியில் நிழற்படப் பாடம் நின்றுவிடவில்லை. நீலகிரி மக்களைப் பற்றி பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளிவந்த நூலுக்குப் படங்கள் எடுத்தவர்கள் அப்பள்ளி மாணவர்களே.

ஹண்டரிடம் குறையும் இருந்தது. கல்லிலும் செம்பிலும் தெய்வ உருவங்களை வடித்த தச்சர், கம்மியர் மரபு கண்ணெதிரே இருக்க, ஐரோப்பியச் சிலைகளின் சுதைப் படிகளைப் பார்த்து வரைவதே சிறந்த பயிற்சியென அவர் கருதினார். 1884இல் பொறுப்பேற்ற ஹாவெல் இந்நாட்டுக் கைவினைகளுக்குப் பள்ளியில் இடமளித்தார்.

ஹண்டர் தொடங்கிய பள்ளி இன்று சென்னை எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. 1929இல் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையில் நால்வர் ஒன்றுகூடிப் பெரும்பாறையொன்றைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே. பாறையோடு போராடும் தொழிலைப் பாலகாட்டில் எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை.