அயோத்திதாசப் பண்டிதரும் அவர் தேர்ந்த சொற்களும்

நாம் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை வரையப் பணித்தோம். கோயில், குளம், தேர், கடைத்தெரு யாவற்றையும் அழகுற எழுதிய மாணவன் ஒருவன், தான் குடியிருக்கும் தெருவை மட்டும் விட்டுவிட்டான். அத்தெருவுக்கு ஊரார் வழங்கிய பெயரை எழுத அவன் கை கூசியதென்பதைப் பின்னரே உணர்ந்தோம். அயோத்திதாசப் பண்டிதரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அச்சிறுவன் நம் கண்முன் வந்து நிற்கிறான்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே அன்பின் மிகுதியால் தம் பெயராகக் கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டில் பேணிக் காத்த திருக்குறள் சுவடியே துரையின் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ந்தது என்று பண்டிதர் பின்னாளில் எழுதி வைத்தார். கல்விக்கு உரியரல்லர் என்று தள்ளப்பட்ட குடியில் குறளோலை இருந்தது என்னும் செய்தியை நம் பிள்ளைகள் அனைவரும் அறிதல் வேண்டும்.

நீலகிரியில் வளர்ந்த பண்டிதர், சித்த மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்டார். 1891இல் திராவிட மகாஜன சபையைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் நீலகிரியில் கூடிய மாநாட்டுக் கோரிக்கைகளுள் ஒன்று, சாதிப்பெயர் சொல்லி இழிவு செய்வோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமென்பது. சொல்லும் ஓர் ஆயுதமே என்பதை அவர் அந்நாளிலேயே கண்டுகொண்டார்.

அவருடைய மைத்துனராகிய இரட்டைமலை சீனிவாசனாரோ 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். இகழ்ந்த சொல்லையே தலைநிமிர்ந்து ஏந்தினால் இகழ்ச்சி ஒழியும் என்பது அவர் துணிபு. பண்டிதருக்கு அது உடன்பாடன்று. பிறர் சுமத்திய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நமது சாய்வு பண்டிதர் பக்கமே; ஆயினும் சீனிவாசனாரைக் குறைகூற மனம் ஒருப்படவில்லை.

1907ஆம் ஆண்டு ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. விலையே பெயரின் முற்பாதி! ஓராண்டு கழித்து, 1908 ஆகஸ்டு 26 முதல், பைசா நீங்கித் ‘தமிழன்’ மட்டும் நின்றது. ‘பஞ்சமர்’ என்னும் பெயரையும் ஏலாது, ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்றே எழுதினார்.

அவர் எழுதும் முறை மருத்துவர் நாடி பார்க்கும் முறையை ஒத்தது. வழக்கிலுள்ள சொல் ஒன்றை எடுப்பார். அது முன்னர் என்ன பொருளில் வழங்கிற்று, பின்னர் யாரால், எதற்காகத் திரிந்தது என்று வினவுவார். நிகண்டுகளையும் மணிமேகலை முதலிய நூல்களையும் சான்றுக்கு அழைப்பார். ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர், அவர் வழியே இந்தியா என்னும் பெயர் என்பார். பௌத்தரின் திரிபிடகத்தோடு இயைத்துத் திருக்குறளைத் ‘திரிக்குறள்’ என்றெழுதினார். மாற்றியது ஓர் எழுத்தே! இத்தகைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. நாமும் தேர்வுத்தாளில் அவ்வாறெழுதும் மாணவனுக்கு மதிப்பெண் வழங்கத் தயங்குவோம். எனினும் அச்சொல்லை நமக்கு இட்டவர் யார் என்று கேட்கும் துணிவை அவரிடமே கற்கலாம்.

1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். நாம் கற்ற காலத்தில் அவர் பெயரை வகுப்பறையில் கேட்டதேயில்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய எழுத்துகள் 1999இல்தான் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியிலிருந்து நூலுருப் பெற்றன. நம் கயத்தாற்றிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள கல்லூரி அது. அத்தொகுதிகள் நமது சங்க நூலகத்தில் உள்ளன. முதல் தொகுதியின் முதுகு, பிள்ளைகள் எடுத்தெடுத்துப் பிரிந்துபோனமையால், சென்ற ஆண்டு மீண்டும் கட்டடம் செய்யப்பட்டது.