மகாகவி பாரதியாரும் மாதர் நலமும்

நம் சமுதாயக் குடும்பங்கள் தென்பாண்டி நாட்டிற்கு யாத்திரை மேற்கொள்ளும்போது கழுகுமலையைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கரிசல் காட்டின் நடுவே எழுந்து நிற்கும் அம்மலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு அமைந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஏறத்தாழ 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், சங்கக் குரத்திகள் எனப் பெண் துறவியர் பலரின் பெயர்களை அவற்றில் காண்கிறோம். குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. பெண்ணொருத்தி ஆசானாக அமர்ந்து மாணாக்கரைப் பெற்றிருந்த காலமொன்று இக்கரிசல் மண்ணில் இருந்தது.

இந்தக் கழுகுமலை, பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. எட்டயபுரமோ கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ளது. குரத்தியர் வாழ்ந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், அவ்வூரில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் தோன்றியவர் சுப்பிரமணிய பாரதியார். நாட்டுப்பற்றைப் பாடிய கவிஞராக அவரை நாம் அனைவரும் அறிவோம். வீட்டிற்குள் துன்புறும் பெண்ணின் பொருட்டு அவர் சிந்தித்த வகையை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தவர். கரிசலில் விளையும் பருத்தியை நம்பி ஜின்னிங் ஆலை ஒன்றை நிறுவி, அது நொடித்துப்போக, 1898இல் காலமானார். தாயார் இலக்குமி அம்மாளைப் பாரதியார் ஐந்தாம் வயதிலேயே இழந்துவிட்டார். இதற்கிடையே 1897இல் அவருக்குத் திருமணமும் நடந்தேறியது. மணமகனுக்கு வயது 14. கடையத்தைச் சேர்ந்த மணமகள் செல்லம்மாளுக்கு வயது 7. அக்காலத்தில் இதனை எவரும் தவறென்று கருதவில்லை. பின்னாளில் இவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தவர், தாமே அவ்வழக்கத்தின் வழியே இல்லறம் புகுந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

தந்தையை இழந்த இளைஞருக்குக் காசியில் புகலிடம் அளித்தவரும் ஒரு பெண்மணியே. அத்தை குப்பம்மாளின் இல்லத்தில் தங்கிப் பயின்றபின் எட்டயபுரம் திரும்பி, மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதங்கள் ஆசிரியப்பணி ஆற்றினார். 1904இல் சென்னைக்கு அவரை அழைத்துச் சென்று ‘சுதேசமித்திர’னில் சேர்த்துக்கொண்டவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். இளம் வயதில் கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889இலேயே மறுமணம் செய்துவைத்து, அதன்பொருட்டுச் சுற்றத்தாரின் பகையை ஏற்றவர் அப்பெரியார். அத்தகையவரிடம் தொழில் கற்ற பாரதியார், 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்ற ‘சக்கரவர்த்தினி’ என்னும் மாதர் மாத இதழுக்கு ஆசிரியரானதில் வியப்பில்லை.

எனினும், ஏட்டில் எழுதுவது வேறு. இல்லத்தில் நடப்பது வேறு. அவ்வாண்டின் இறுதியில் காசிக் காங்கிரசுக்குச் சென்று கல்கத்தா வழியாகத் திரும்பியபோது, விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதையைக் கண்டார். அயர்லாந்தில் பிறந்து, 1898இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர் அவ்வம்மையார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவர் வினவ, அது தங்கள் வழக்கமன்று என்ற கருத்தில் பாரதியார் விடையிறுத்தார். மக்களில் ஒரு பாதியை அடிமையாக வைத்துக்கொண்டு நாட்டுக்கு விடுதலை தேடுவது எங்ஙனம் என்பது அம்மையாரின் கேள்வியாயிற்று. அச்சந்திப்பு நெடுநேரம் நிகழ்ந்ததன்று. ஆயினும் பாரதியார் அவரையே தம் குருவாகக் கொண்டார். 1908, 1909ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் இரு கவிதை நூல்களையும் அவருக்கே காணிக்கையாக்கினார். ஆடவர் ஒருவர் பெண்ணொருவரைக் குருவென ஏற்றது பலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கலாம். கழுகுமலைக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு அது புதிதன்று.

1908 முதல் பத்தாண்டுகள் புதுச்சேரியில் கழிந்தன. வறுமை வாட்டிய அக்காலத்திலேதான் பெண்விடுதலை பற்றிய அவருடைய கருத்துகள் முதிர்ந்தன. அவருடைய இல்லத்தில் பெண்கள் ஒன்றுகூடினர். மூத்த மகள் தங்கம்மாள், சிறுமியாயிருந்தும், பெண்விடுதலை குறித்த கட்டுரையை மகளிர் நடுவே படித்தார். அண்டை வீட்டுச் சிறுமி யதுகிரிக்குத் தம் புதிய பாடல்களை அவர் பாடிக்காட்டுவார். அச்சிறுமி வளர்ந்தபின் எழுதிய நினைவுக்குறிப்புகள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன.

பருவமடையுமுன் பெண்ணுக்கு மணம் கூடாது. விரும்பாதவனை மணக்குமாறு வற்புறுத்தலாகாது. மணந்தபின் கணவனைவிட்டு நீங்க விரும்பினால் இடந்தர வேண்டும், அதற்காக அவளை இழிவுசெய்யக் கூடாது. தந்தை சொத்தில் சமபங்கு வேண்டும். உயர்கல்வியும் அரசுப்பணியும் வேண்டும் என்று அவர் வரிசைப்படுத்தி எழுதினார். இவற்றுள் பல, பிற்காலத்தில் சட்டங்களாயின.

நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது வேறொன்று. சமமாக நடத்தாத கணவனிடம் மனைவி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் அவர் வழி கூறினார். முதலில் அமைதியாக எடுத்துரைக்க வேண்டும். இணங்காவிடில் சமையல் முதலான பணிகளைச் செய்ய மறுக்க வேண்டும். அடித்து வெளியே தள்ளினும், அவ்வில்லம் தனக்கும் உரியது என்று உறுதியாய் நிற்க வேண்டும். காந்தியடிகளின் சாத்விக எதிர்ப்பை அடுக்களைக்குக் கொண்டுவந்த கருத்து இது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், கணவனோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்கியுள்ளது. பாரதியார் எழுதி ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்தே அது வந்தது. ஆயினும் அடிபடும் பெண்ணைத் தனியே நின்று போராடு என்று சொல்லிவிட்டால் போதாது என்பது நம் கருத்து. உயிருக்கே ஆபத்து நேரும் இல்லங்களும் உண்டு. அங்கே அவளுக்கு வேண்டியது வேறொரு கூரையும், துணைநிற்கும் மற்றொரு பெண்ணுமாகும்.

பாரதியாரும் இதனை உணர்ந்திருந்தார் எனலாம். இறுதிக்காலத்தில் எழுதி, முற்றுப்பெறாமல் நின்ற ‘சந்திரிகையின் கதை’யில், பெண்மகவை ஈன்று உயிர்விடும் கோமதி, குழந்தையைத் தன் நாத்தனாரான இளங் கைம்பெண் விசாலாட்சியிடம் ஒப்படைக்கிறாள், அவளை மறுமணம் செய்துகொள்ளவும் தூண்டுகிறாள். விசாலாட்சி துணைநாடிச் செல்லும் இடம், ஆந்திர நாட்டுச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலுவின் இல்லம். கதைக்குள் உண்மை மனிதரையே புகலிடமாக வைத்தார் ஆசிரியர். ராஜமுந்திரியில் அப்பெரியார் முதல் கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்தது 1881ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள். பாரதியார் பிறப்பதற்குச் சரியாக ஓராண்டு முன்பு!

இங்கு நம்மைப் பற்றியும் ஒரு சொல். கதிரவன் மறையுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகி, எறும்புக்கும் தீங்கு நேராமல் நடப்பவர்கள் நாம். ஆயினும் நம் வீட்டுப் பெண் கன்னத்தில் வீக்கத்தோடு பிறந்தகம் வந்தால், ஊரார் அறியுமுன் மறுநாளே திருப்பியனுப்பும் பெற்றோர் நம்மிடையே இல்லையென்று கூற இயலுமா? ஓரறிவுயிரிடத்துக் காட்டும் கருணை அவள்பால் மட்டும் ஏன் சுருங்குகிறது? தமிழகத்தில் எவ்வேளையிலும் 181 என்ற எண்ணில் அழைத்து உதவி பெறலாம் என்பதை நம் இல்லத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

பாரதியாரின் இல்லறத்தைக் குறையற்றதென்று கூறுதற்கில்லை. கடன்பட்டுப் பெற்ற அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு மகிழ்ந்தவர் அவர். அடுத்த வேளை உலைக்கு வழிதேடியவர் செல்லம்மாள். 1918க்குப்பின் கடையத்தில் வாழ்ந்தபோது மனைவியின் தோளில் கைபோட்டுத் தெருவில் நடந்து, ஊராரின் ஏளனத்தை அவர் பொருட்படுத்தாமல் இருந்தார். ஆனால் அவ்வேளனத்தின் பெரும்பங்கு செல்லம்மாள்மீதே விழுந்திருக்கும்.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து பாரதியார் மறைந்தார். செல்லம்மாளுக்கு அப்போது வயது 31 அளவே. இளையமகள் சகுந்தலைக்கு இன்னும் மணமாகவில்லை. அந்நிலையிலும் தம் சகோதரரின் துணையோடு பாரதி ஆசிரமம் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, 1922இல் கணவரின் பாடல்களை நூலாக்கினார். ஏழு வயதில் மணவறையில் அமர்த்தப்பட்ட அச்சிறுமிதான், பின்னாளில் கணவரின் வரலாற்றைச் சொல்லி நூலாக்கியவர். 1951இல் திருச்சி வானொலியில் பேசி, கவிஞருக்கு வாழ்க்கைப்பட்டவள் படும் பாட்டையும், அதனூடே தாம் கொண்ட பெருமையையும் தமிழ்நாட்டார் கேட்கச் செய்தவர். 1955இல் அவர் காலமானார்.