கணித வல்லார் ஆலன் டூரிங்

சென்னை இராஜதானியிலே சிவில் உத்தியோகம் வகித்த ஜூலியஸ் டூரிங் என்பாருக்கும், சென்னை இருப்புப்பாதையின் தலைமை எஞ்சினியராயிருந்த எட்வர்டு ஸ்டோனி துரையின் புதல்வியாரும் நமது போத்தனூரிற் பிறந்தவருமாகிய சாரா அம்மையாருக்கும், இரண்டாம் மைந்தராய் ஆலன் டூரிங் இலண்டன் மாநகரில் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள் பிறந்தார். தந்தையாருடைய உத்தியோகம் இந்நாட்டில் இருந்தமையின், மைந்தர் இருவரும் இங்கிலாந்திலே பிறர் இல்லத்தில் வளரலாயினர்.

1926-ஆம் ஆண்டில் ஷெர்போர்ன் பாடசாலையிற் சேரப் புறப்பட்ட நாளில், தேசமெங்கும் பொது வேலைநிறுத்தம் நேர்ந்து இரயில்கள் ஓடாதொழிந்தன. பதினான்கு வயதும் நிரம்பாத அச்சிறுவர், சௌத்தாம்டனிலிருந்து ஏறக்குறைய 60 மைல் தூரம் சைக்கிளிலேயே சென்று பள்ளியை அடைந்தார். பிற்காலத்தில் பிறர் வழியை நோக்காது தாமே வழி கண்டவர்க்கு இது பொருந்திய தொடக்கமே.

1931-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி புகுந்து, 1935-இல் அதன் பெல்லோ ஆயினார். மறு ஆண்டில் அவர் வரைந்த கட்டுரையே அவர் பெயரை நிலைநிறுத்தியது. நாடாவிலே குறிகளை எழுதியும் அழித்தும் செல்லும் ஒரு யந்திரத்தை மனத்தாற் கற்பித்து, விதிப்படி செய்யக்கூடிய கணக்கு எதனையும் அது செய்யும் எனக் காட்டினார். எனினும், எந்த யந்திரத்தைக் கொடுப்பினும் அதன் கணக்கு ஓயுமா ஓயாதா என்று எக்காலும் பிழையின்றிச் சொல்ல வல்ல பொது முறை இல்லை என்பதும் அக்கட்டுரையின் வழியே பெறப்பட்டது.

பின் அமெரிக்கா சென்று, பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் என்பவரிடம் பயின்று 1938-இல் டாக்டர் பட்டம் பெற்றார். முடிவிலி கடந்த வரிசை எண்களே அவர் ஆராய்ச்சிப் பொருள். ஒரு கோவையை விதிப்படி வேறொரு கோவையாக மாற்றிக்கொண்டே போகும் கணக்குமுறை ஒன்றை அவ்வாசிரியர் வகுத்திருந்தார். இத்தகைய மாற்றங்களில், அவை முடிவுபெறுமோ என்னும் வினாவே தலையாயது. கூட்டற்குறியின் இருபுறத்து எண்களையும் இடமாற்றுக என்னும் ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டால், ஊழிக்காலம் வரையும் மாற்றிக்கொண்டிருக்கலாம்! சர்ச்சின் முறையிலே வகை குறித்த கோவைகளைத் தக்க ஒழுங்கில் மாற்றிவரின் ஈற்றுருவை எய்தியே தீரும் என்று டூரிங் நிறுவினார். அதனை அவர் அச்சிடவில்லை. அவர் மாணாக்கர் ராபின் காண்டி என்பார் 1980-இல் வெளியிட்டார்.

1939 முதல் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் இரகசியக் குறிகளை உடைத்ததில் அவர் ஆற்றிய பங்கு யாவரும் அறிந்தது. ஈண்டு விரித்தல் வேண்டா.

1949-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் கூடிய மகாநாட்டில் மூன்றே பக்கமுள்ள ஒரு கட்டுரையைப் படித்தார். பெருக்கல் இன்றிக் கூட்டலாலேயே ஒன்று முதல் ஓர் எண் வரையுள்ள எண்களின் பெருக்கத்தைக் காணும் யந்திரக் கட்டளை வரிசையை எடுத்துக்கொண்டு, அது சரியான விடை தருமென்பதையும், ஓயுமென்பதையும் தனித்தனியே நிறுவினார். ஓய்வைக் காட்டிய உபாயம் வியக்கத்தக்கது. ஒருவனிடம் பொன், வெள்ளி, செப்புக் காசுகள் உள்ளன என்க. நாடோறும் அவன் ஒரு செப்புக்காசைச் செலவிட வேண்டும். அல்லது ஒரு வெள்ளியைக் கொடுத்து வேண்டுமளவு செப்புப் பெறலாம். அல்லது ஒரு பொன்னைக் கொடுத்து வேண்டுமளவு வெள்ளியும் செப்பும் பெறலாம். எத்துணை பெறினும் ஒருநாள் அவன் கை வெறுங்கையாவது திண்ணம். கட்டளை வரிசையின் ஒவ்வொரு படியிலும் இவ்வாறு குறையும் ஓர் அளவையை அவர் காட்டினார். பிரின்ஸ்டனிற் கற்ற வரிசை எண்கள் இவ்வாறு பயன்பட்டன. பொதுமுறை இல்லையென்று நிறுவியவரே தனித்தனி நிகழ்ச்சிக்கு வழி கூறியது முரணன்று. அளவையைக் கண்டுபிடிப்பது மனிதர் கடன், கண்டதைச் சரிபார்ப்பதே எளிது.

1951-இல் ராயல் சங்கத்தார் அவரை உறுப்பினராக்கினர். மறு ஆண்டே, ஆடவர் ஒருவரோடு கொண்ட உறவு அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாயிருந்தமையால், நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்கு மாறாக ஓராண்டு மருந்தேற்றும் தண்டத்தை ஏற்றார். நாட்டைக் காத்தவர்க்கு நாடு செய்த கைம்மாறு அது! 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் வில்ம்ஸ்லோவிலுள்ள தம் இல்லத்தில் சயனைடு நஞ்சினால் உயிர் நீத்தார். தற்கொலையென்று விசாரணையில் முடிவாயிற்று. வயது 41. 2009-இல் பிரதம மந்திரி மன்னிப்புக் கோரினார். 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார்.

1949-ஆம் ஆண்டுக் கட்டுரையோ அச்சுப்பிழை மலிந்து, படிப்போர்க்கு விளங்காது கிடந்தது. 1984-இல் மாரிஸ், ஜோன்ஸ் என்னும் இருவர் பிழை களைந்து மீண்டும் பதிப்பித்தனர். மூன்று பக்க நிரூபணத்திற்கே இக்கதியாயின், ஆயிரம் விதிகள் கொண்ட மாற்றுமுறைகளின் நிரூபணங்களை மனிதக் கண் நம்பலாகுமோ? ஆதலின் இக்காலத்தில் ஒரு யந்திரம் குறையும் அளவையைத் தேடித் தர, ஆஸ்திரியா நாட்டு இன்ஸ்புருக் சர்வகலாசாலையில் தோன்றிய சீட்டா போன்ற சோதகர்கள் அதனைப் படிப்படியாக ஆராய்ந்து ஏற்கின்றன, அல்லது தள்ளுகின்றன. அச்சோதகரின் செம்மையும் இசபெல் என்னும் மற்றொரு நிரூபண யந்திரத்தால் முன்னரே நிறுவப்பட்டுள்ளது.